குகைக்கு மேலே குடியிருந்தவர்கள்

போலந்தின் க்ராகோவ் நகரில், விஸ்துலா ஆற்றங்கரையில், வாவெல் என்றொரு குன்று. உச்சியில் அரண்மனையும் பேராலயமும். அடியில் ஒரு குகை. அங்கே கிடந்த டிராகன் ஊரார் ஆடுமாடுகளைத் தின்றதாம். ஆட்டுத்தோலில் கந்தகம் அடைத்துப் போட்டு, ஒரு செருப்புத் தைப்பவர் அதைக் கொன்றாராம். கதையில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு: டிராகன் குகையில் இல்லை. மாடியில் இருந்தது.

சாட்சிக்கு 1520-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஆண்டு முதலாம் சிகிஸ்மண்ட் மன்னர் பேராலயத்துக்காக ஒரு ராட்சத மணியை வார்க்கச் செய்தார். அதே ஆண்டு, குடியானவன் வாரத்துக்கு ஒருநாளாவது பண்ணையாருக்கு வெட்டி ஊழியம் செய்தாக வேண்டும் என்று சட்டமும் வந்தது. மணியை ஆட்டப் பன்னிரண்டு பேர் வேண்டும். குடியானவனை ஆட்டிவைக்க ஒரு கையெழுத்து போதும்.

பிறகு அரசவை வார்சாவுக்குப் போனது. காலி வீட்டுக்கு விருந்தாளிகளா பஞ்சம்? 1655-ல் ஸ்வீடன் படை வந்து சூறையாடியது. 1702-ல் மறுபடி வந்தபோது அரண்மனை எரிந்தது. பிரஷ்யர்கள் கருவூலத்தை உடைத்து மணிமுடிகளை அள்ளிப்போய், 1809-ல் உருக்கினார்கள். ஆண்டவன் பெயரைச் சொல்லித் தலையில் ஏறிய தங்கம், கடைசியில் காசாகிச் சந்தைக்குப் போனது. ஆஸ்திரியர்கள் அரண்மனையைப் பட்டாளக் கொட்டடி ஆக்கினார்கள்.

1939-ல் வந்தார் ஹான்ஸ் ஃபிராங்க், ஹிட்லரின் ஆளுநர். படித்தது சட்டம், செய்தது கொலை. மேலே டாவின்சி ஓவியத்தை மாட்டி ரசித்தார். ஆற்றுக்கு அக்கரையில், அவர் ஆட்சியில், யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டு, அங்கிருந்து சாவுக்கு அனுப்பப்பட்டார்கள். என்ன கலாரசனை! 1946-ல் நியூரம்பெர்க்கில் தூக்குக் கயிறு அவரிடம் கணக்குக் கேட்டது. வெட்டி ஊழியத்துக்குக் கணக்குக் கேட்க எந்த நீதிமன்றமும் கூடவில்லை. சட்டம் போட்ட மன்னருக்குக் கிடைத்தது பேராலயத்தில் பொற்கூரை வேய்ந்த சமாதி.

2010-ல் விமான விபத்தில் இறந்த ஜனாதிபதி கசின்ஸ்கியையும் மனைவியையும் இங்கே அடக்கம் செய்ய முடிவானதும் தெருவில் ஆர்ப்பாட்டம். மன்னர்களின் பக்கத்தில் படுக்க இவருக்குத் தகுதி உண்டா என்று கேட்டார்கள். ஐயா, கேள்வியே தலைகீழ். அந்தச் செருப்புத் தைப்பவரின் பக்கத்தில் படுக்க இந்த மன்னர்களுக்குத் தகுதி உண்டா?

குன்றடியில் இன்று டிராகனுக்கு ஓர் உலோகச் சிலை நிற்கிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை தீ கக்குகிறது, குழந்தைகள் கைதட்டுகிறார்கள். தட்டட்டும். அந்த மலையில் ஆளைத் தின்னாத டிராகன் அது ஒன்றுதான்.