சாலைக் கம்போள வண்டிகளின் அடிவயிற்று மண்ணடுக்குகள்: ஓர் ஆய்வு

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தை ஆராய்ந்தவர்கள் பலர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அதை நிறுவிய வரலாறு எழுதப்பட்டாயிற்று. அங்கேயே கடை நடத்திய ஆ. மாதவன் அதன் மனிதர்களைக் கதைகளாக்கினார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ஆனால் இவர்கள் எல்லோரும் தெருவை நின்றபடி பார்த்தவர்கள். சரக்கு இறக்கும் பழைய டாடா 407-க்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதே ஆய்வுலகில் இதுவரை விடுபட்ட கோணம். அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது.

கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது என்பது 1669-இல் ஸ்டெனோ வகுத்த விதி. ஆதிச்சநல்லூருக்கும் கீழடிக்கும் அது பொருந்தும். சேசிஸுக்குப் பொருந்தாது. இங்கே மண் கீழிருந்து மேல்நோக்கித் தெறித்து ஒட்டுகிறது. ஆகவே உச்சியில் இருப்பதே ஆதி அடுக்கு. கியர்பாக்ஸிலிருந்து கசிந்த ஆயில் அதற்கு அஸ்திவாரம். அதன்மேல், அதாவது அதன்கீழ், நாஞ்சில்நாட்டு வயற்சேறு, கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு வடக்கே சேர்ந்த செம்மண், தேங்காய் நார், வெங்காயச் சருகு, தோவாளைப் பூவின் மிச்சம். நார் கலந்த சேறு காய்ந்தால் உளிக்கும் அசையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வண்டியின் அடியில் அந்த எல்லைப் பிரிவினை இன்றுவரை அமலாகவில்லை. தொல்பொருள்களில் முக்கியமானது, கிளீனர் திருடியதாகப் பழி சுமந்த பதினான்காம் நம்பர் ஸ்பேனர்.

இனி கிரீஸ். லித்தியம் கிரீஸ் என்பது ஆயிலைப் பிடித்துவைத்திருக்கும் ஒருவகை சோப்பு. அந்தச் சோப்புக்கான கொழுப்பு அமிலம் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்து வருவது. ஆக, பாட்டி தலையில் தேய்த்ததன் உறவுக்காரனைத்தான் நாம் ஷாஃப்டிலிருந்து சுரண்டுகிறோம். சோப்பை எடுக்கச் சோப்பா என்று கேட்கலாம். இது தண்ணீரில் கரையாத சோப்பு. அதனால்தான் மழைக்காலத்திலும் இருந்த இடத்தில் இருக்கிறது, அதனால்தான் வெறும் தண்ணீரை எவ்வளவு வேகமாக அடித்தாலும் சிரிக்கிறது.

அறிஞரிடையே இங்கு இரு பள்ளிகள் உண்டு. டிரைவர் பள்ளியின் வாதம் இது: “மண்ணுதாம் அண்ணாச்சி வண்டியப் பிடிச்சு வச்சிருக்கு. எடுத்துராதிய.” வெல்டர் பள்ளி இதை மறுக்கும். இரண்டிலும் பாதி உண்மை. எண்ணெய்ப் படலம் துருவைத் தடுக்கும்; அதன்மேல் அப்பிய சேறோ ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்து, இரும்பு தெரியும் இடுக்கிலெல்லாம் துருவை வளர்க்கும். சிக்கல் என்னவென்றால், செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஆக்சைடு, துருவும் இரும்பு ஆக்சைடு. சுரண்டுபவர் எடுப்பது பாறசாலையையா, சேசிஸையா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். அரித்த இரும்பு முனகும். டிரைவர் பள்ளி அஞ்சுவது இந்த முனகலைத்தான்.

அகழாய்வுப் பருவம் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுத் தேதியை ஒட்டி அமையும். எட்டு வயது கடந்த சரக்கு வண்டிக்கு அது ஆண்டுதோறும் வரும். பலர் நேரே வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப்போவது முறையியல் பிழை. முதலில் உலர்ந்த நிலையில் பழைய பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். நனைந்தால் களி தகட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும், போகாது. மிஞ்சிய கிரீஸுக்கு மண்ணெண்ணெயை பிரஷால் தடவி ஊறவிடுங்கள். எண்ணெயை இளக்க எண்ணெய்தான் வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கட்டும், பீடி தூரத்தில் இருக்கட்டும், பிரேக் ஹோஸில் மண்ணெண்ணெய் படாதிருக்கட்டும். பட்டால் ரப்பர் உப்பும். பிறகு சோப்புத்தூள் கலந்த வெந்நீர், அதன் பிறகே பம்ப் தண்ணீர். ஜாயின்ட் சிலுவைகளின்மேல் நேராகப் பீய்ச்சினால் உள்ளே இருக்கவேண்டிய கிரீஸும் வெளியேறும். எனவே கழுவிய அன்றே கிரீஸ் கன்னால் எல்லா நிப்பிளுக்கும் புதிது அடித்தாக வேண்டும். வெளியே வழிந்ததைத் துணியால் துடைக்கும் வழக்கம் சாலையில் அருகிவிட்டது.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. கழுவிய எண்ணெய்த் தண்ணீரை ஓடையில் விட்டால் அது கிள்ளியாற்றுக்கும், அங்கிருந்து கரமனை ஆற்றுக்கும் போகும். வண்டிக்கு அடியில் மரத்தூளைப் பரப்பி வடிவதைப் பிடியுங்கள். சுரண்டிய கட்டிகளைச் சாக்கில் கட்டி, பழைய ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுங்கள். ஸ்பேனரைக் கிளீனரிடம் கொடுங்கள்.