கட்-ஆஃப் அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பணி ஓய்வு பெற்றவர். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கிடையாது, பேரன் எல்.கே.ஜி.தான். ஆனாலும் மே மாதம் தேர்வு முடிவு வெளியாகும் அன்று, பரீட்சை எழுதிய பிள்ளைகளே தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெரு வைத்த பெயர் கட்-ஆஃப் அண்ணாச்சி.

முடிவு வந்ததும் மற்றவர்கள் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அண்ணாச்சிக்கு மொத்தம் வேண்டாம். 600-க்கு எவ்வளவு என்பது சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்ல மட்டுமே உதவும் என்பது அவர் கட்சி. "தாயி, மேத்ஸை மொதல்ல சொல்லு. பொறவு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி." பிள்ளை 96, 91, 94 என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் "நூத்தி எம்பத்தெட்டரை" என்று தீர்ப்பு வந்துவிடும். கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50, ஆக 200. பொறியியல் கலந்தாய்வுக்கான இந்தக் கணக்குக்கு அவர் காகிதம் எடுத்து யாரும் பார்த்ததில்லை. மளிகைக்கடைச் சிட்டையைக் கூட்டுவதற்கு மட்டும் மருமகளைக் கூப்பிடுவார்.

"தமிழ்ல 98 வாங்கிருக்கா அண்ணாச்சி" என்று அம்மா ஆசையாகச் சொல்லுவாள்.

"சந்தோசம். அது நம்ம கணக்குல வராதும்மா."

அரசு கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் சேர்வதென்றால் அந்த 98-தான் முன்னால் வந்து நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். சொல்லமாட்டார். 188.5 வைத்திருக்கிற பிள்ளை பி.ஏ. தமிழுக்குப் போனால் தெருவின் சராசரி என்னாவது?

அண்ணாச்சி படித்தது பி.யூ.சி. 1978-ல் பிளஸ் டூ வந்து அந்தப் படிப்பையே ஓரங்கட்டுவதற்குச் சற்று முன்பு. அவரைக் கல்லூரியில் சேர்க்க என்ன தகுதி கேட்டார்கள் என்றால், "எங்கப்பா வேட்டியை மடிச்சுக் கெட்டாம பிரின்சிபாலைப் போய்ப் பாத்தாரு" என்பார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் சேர்க்கை விதிகள் மாறிய ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சியின் படிப்பு ஒரு வகுப்பு ஏறியது என்றே சொல்ல வேண்டும். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று கட்-ஆஃப் 300-க்கு ஓடிய காலம் அதில் பிறந்தது. 2006-ல் சட்டம் போட்டு, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வை எடுத்தார்கள். கட்-ஆஃப் 200-க்கு இறங்கியது. அப்புறம் 1200 மார்க் 600 ஆனது. ஆகவே அண்ணாச்சி, "நம்ம வடக்குத்தெரு பையன் 291 வச்சிருந்தாம்லா" என்றால், எந்த ஆட்சியின் நாணயம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்காத ஒரு தகப்பனார் தன் மகனின் 191-ஐ நினைத்து ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார்.

அண்ணாச்சியின் பொற்காலம் 2021. கொரோனாவில் பிளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று கலந்து மார்க் போட்டார்கள். தமிழ்நாட்டு வீடுகள் மொத்தமும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஜூலையில், முகக்கவசத்துக்குள்ளிருந்து அண்ணாச்சியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஊரடங்கு நேரத்திலும் அவர் வாசலில் கூட்டம். போலீஸ்காரர் ஒருவர் விரட்ட வந்தார். வந்தவருக்கும் ஒரு மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணாச்சிக்கு விழுந்த அடி 2017. அதுவரை டாக்டர் சீட்டின் கணக்கும் அவர் கையில்தான் இருந்தது. நீட் வந்த பிறகு பிளஸ் டூ மார்க் அங்கே வெறும் வாசல்படி ஆகிவிட்டது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும்; மற்றதெல்லாம் 180 கேள்வி, 720 மார்க், சரியானால் 4, தப்பானால் 1 கழிவு. கேள்வியைப் பார்க்காமலே கட்-ஆஃப் சொல்லப் பழகிய மனிதருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. ஜே.இ.இ. பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. அங்கே பெர்சன்டைல் என்று ஒன்று இருக்கிறது. 99 பெர்சன்டைல் வாங்கியவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரவில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "அது வடக்கத்தியான் கணக்குடே" என்று ஒதுக்கிவிட்டார்.

ரேங்க் பட்டியல் வெளியானதும் அண்ணாச்சி இன்னும் நுணுக்கமாகப் போவார். ஒரே கட்-ஆஃபில் ஆயிரம் பேர் இருந்தால் யார் முன்னால்? முதலில் கணிதம் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அப்படியே இறங்கிப் பத்தாம் வகுப்பு மார்க் வரை போய், அதிலும் சமமென்றால் பிறந்த தேதி. மூத்தவருக்கே முன்னுரிமை. இதைச் சொல்லிவிட்டு அம்மாக்காரியைப் பார்த்து, "ரெண்டு மாசம் முந்திப் பெத்திருக்கலாம்லா?" என்பார். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்பார். தேதியும் ஒன்றானால் கம்ப்யூட்டர் கொடுக்கும் பத்து இலக்க ரேண்டம் எண்; பெரிய எண்ணுக்கு ஜெயம். 9-ல் ஆரம்பிக்கிற ரேண்டம் எண்ணைப் பார்த்தால் அண்ணாச்சி முகம் ஜாதகத்தில் குருபார்வை கண்ட ஜோசியர் முகமாக மலரும். அந்த எண்ணுக்கு வேலை வரும் அளவுக்குச் சமநிலை அபூர்வம் என்பது வேறு விஷயம்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வருடத்தில் பதினோரு மாதம் நம் தெருவில் யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி, மே மாதத்தில் வெகு சாதாரணமாகப் புழங்கும். "கம்யூனிட்டி சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?" 69 சதவீதத்தை 26.5, 3.5, 20, 15, 3, 1 என்று மூச்சுவிடாமல் பிரித்துச் சொல்லுகிறவரிடம் அதை மறைக்கவும் முடியாது. புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றி ஆச்சிமார் ஒரு வருடமாகத் துப்பறிந்தும் தெரியாததை, அண்ணாச்சி கட்-ஆஃபின் பேரால் ஒரு காபி நேரத்தில் வாங்கிவிடுவார். அவருக்கு அதில் உள்நோக்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆச்சிமாருக்கு இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழுக்கு அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் போதாது. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் பட்டம் வாங்காமல் இருந்திருக்க வேண்டும். குடும்பத்தில் யார் படித்தார்கள் என்று பெருமையடிக்கும் ஊரில், யார் படிக்கவில்லை என்று நிரூபிக்க அலையும் வாரம் அது.

"எங்க தாத்தா பி.ஏ. படிச்சாருன்னு சொல்லுவாங்களே அண்ணாச்சி?"

"பாஸாயிட்டாரா?"

"இல்ல, ரெண்டு பேப்பர் நிக்கு."

"மகராசன். பேரனை நெனச்சே விட்டுருக்காரு. இ-சேவையில போட்டுரு."

2018-க்கு முன்பு அவருக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் பயணமும் இருந்தது. கலந்தாய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். அப்பா, பிள்ளை, புளியோதரை, கூடவே அண்ணாச்சி. உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். இவர் வெளியே மரத்தடியில் நின்று, மற்ற ஊர் அண்ணாச்சிமாரோடு தகவல் மாற்றிக்கொள்வார். இப்போது எல்லாம் ஆன்லைன். ஆனால் சேர்க்கைக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: விருப்பப் பட்டியல். எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் வரிசையாகப் போடலாம். அண்ணாச்சி போன வருடக் கடைசிக் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு இறங்குவார். கிண்டி, எம்.ஐ.டி., கோவைக் கல்லூரிகள், மதுரை, அப்புறம் 1981-ல் வந்த நம்மூர் அரசு பொறியியல் கல்லூரி. பிரிவு மட்டும் அவர் வாழ்க்கையில் பலமுறை மாறியிருக்கிறது. "வீடு கெட்டுறவன் இருக்கிறவரைக்கும் சிவில்" என்றவர், பிறகு மெக்கானிக்கல் என்றார், இப்போது ஏ.ஐ. என்கிறார். ஏ.ஐ. என்றால் என்ன என்று பேரன் கேட்டதற்கு, "188 வேணும்" என்றார்.

கணிப்பு தவறினால்? தவறவே தவறாது. போன வருடத்துக்கு அவர் சொன்னது அத்தனையும் சரி. இந்த வருடம் பிசகினால் அதற்கு ஒரே காரணம்: "சென்டம் கூடிப்போச்சு."

கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்ந்துகொள்ளலாம், ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம். அண்ணாச்சி எல்லாருக்கும் இரண்டாவதையே சொல்லுவார்: "அக்செப்ட் அண்ட் அப்வேர்டு." தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் வாய்தவறி அதையே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் காபியை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

அந்த 188.5 பிள்ளையிடம் கடைசியில் ஒருநாள், "உனக்கு என்ன தாயி வேணும்?" என்று கேட்டேவிட்டார். அவள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி என்றாள். அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். அவள் எடுத்தது கம்ப்யூட்டர் குரூப். மீன்வளத்துக்கு உயிரியல் வேண்டும். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியும் அப்படியே கைவிட்டது. 188.5 இருந்தும் அந்த வாசலில் நிற்க முடியாது. அந்தக் கதவு அவள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதமே, இரண்டு தோழிகள் சேர்ந்த குரூப்பில் தானும் சேர்ந்தபோது சாத்தப்பட்டது. இந்த விதியைத்தான் நான் நம் சேர்க்கை முறையின் பெரிய குறை என்பேன்: பதினைந்து வயதில் போட்ட ஒரு டிக் பதினேழு வயதில் வந்து வழிமறிக்கிறது. அண்ணாச்சியும் குறையைப் புரிந்துகொண்டார். தன் வழியில். இப்போது அவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் மறிக்கிறார். "ஃபர்ஸ்ட் குரூப் எடு. கணக்கும் இருக்கும், பயாலஜியும் இருக்கும்." போன வாரம் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் இவரைக் கண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

அவர் ஒருபோதும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பொறியியலில் சேர உண்மையான தகுதி, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40. அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பதெல்லாம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற போட்டி. ஒவ்வொரு வருடமும் கலந்தாய்வு முடிந்த பிறகு பல்லாயிரம் இடங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இதைச் சொன்னால் மே மாதத்தில் வாசலுக்கு யார் வருவார்கள்?

ஆகவே, பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டாருக்கு: உங்கள் தெரு அண்ணாச்சியை ஏப்ரலிலேயே போய்ப் பாருங்கள். சாதிச் சான்று, முதல் தலைமுறைச் சான்று இரண்டுக்கும் அவர் சொல்லும் வழியை அப்படியே கேளுங்கள். அதில் அவர் சொன்னது தப்பியதில்லை. காபியும் கொடுங்கள். விருப்பப் பட்டியல் நிரப்பும் அன்று மட்டும் பாஸ்வேர்டைப் பிள்ளையிடமே கொடுத்து, அறைக்கதவைச் சாத்திவிடுங்கள்.