பொம்மைக்கே பொருந்தாத சட்டை

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பதினைந்து வயதுப் பெண் ஒரே மாலையில் மூன்று கடை ஏறினால் மூன்று ஆளாக இறங்கலாம். முதல் கடையில் எம், அடுத்ததில் எல், மூன்றாவதில் டபுள் எக்ஸ்எல். இடையில் தின்றது ஒரே ஒரு போண்டா. “உனக்கு அந்த சைஸெல்லாம் பத்தாதும்மா” என்று கடை அக்கா தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். குற்றம் டாப்ஸின் மேல் இல்லையாம், தோளின் மேல்தான்.

பெரிய பிராண்டுகள் பலவும் வெட்டுவது அமெரிக்க, பிரிட்டிஷ் அளவை வைத்து. இந்தியருக்கென்று அளவு அட்டவணை வேண்டும் என்பது அரசுக்கே 2018-இல்தான் உறைத்தது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயதுவரை 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளக்க ‘இந்தியா சைஸ்’ திட்டம் வந்தது. புதுக்கோட்டையின் தோளை யாரும் கேட்கவில்லை.

கடைகளிலோ வாசல் பொம்மைதான் இன்னும் அழகுக்கு இலக்கணம். அதன் முதுகுப்பக்கம் எட்டிப் பாருங்கள்: சட்டையை இழுத்து மடித்து, வரிசையாகக் குண்டூசி. பிளாஸ்டிக் இடுப்புக்கே ஒட்டாத உடுப்புக்காக நம் பிள்ளை ராத்திரி இட்லியில் இரண்டைக் குறைக்கிறாள்.

தெருமுனை டெய்லர் அக்காவோ சைஸ் கேட்பதில்லை. டேப்பைச் சுற்றுகிறார், “வளர்ற புள்ள, உள்ள ஒரு இஞ்சு விட்டிருக்கேன்” என்கிறார். அவருக்கு விளம்பரம் செய்யத்தான் ஆளில்லை.