ஃப்ளைட்டு மாமா

கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டுக்கு விசா வந்துவிட்டால், அந்தச் சேதி கொல்லைப்புறம் வரை போய்ச் சேருவதற்குள் ஃப்ளைட்டு மாமாவுக்குப் போய்விடும். மறுநாள் காலை காபி நேரத்துக்குச் சரியாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. "டிக்கெட்டு எந்தக் கம்பெனி?" என்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். அடுத்த கேள்விதான் முக்கியமானது.

"அது கெடக்கட்டும். மூஞ்சிக்கு இன்னா எடுத்துக்கினு போறீங்க?"

பாஸ்போர்ட்டுக்கும் இமிக்ரேஷனுக்கும் யோசனை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விமானத்தில் தோலைக் காப்பாற்றும் வித்தை தெரிந்தவர், சோமாசிப்பாடியிலிருந்து அவலூர்பேட்டை வரை, தான் ஒருவர்தான் என்பது மாமாவின் கணக்கு. வேட்டவலத்திலும் செஞ்சியிலும் இதே கணக்கோடு ஆட்கள் இருப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லவில்லை. பணி ஓய்வு, வெளிநாட்டில் ஒரு பிள்ளை, வாழ்நாளில் ஒரே ஒரு அமெரிக்கப் பயணம், பெட்டிக் கைப்பிடியில் இன்னும் கிழிக்காத விமானக் கம்பெனிச் சீட்டு. இந்த நான்கும் பொருந்தி வந்தால் எந்த ஊரிலும் ஒரு ஃப்ளைட்டு மாமா முளைத்துவிடுவார்.

இவர் தோலைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மகள் வீட்டுக்குப் போய் இறங்கியபோது முகம் வறுத்த மல்லாட்டையின் மேல்தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளை பார்த்ததும் வீறிட்டு அழுதது. குழந்தை புதுமுகம் கண்டு அழுதது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மாமா ஏற்கவில்லை. அன்றிலிருந்து ஆராய்ச்சி.

சமீபத்தில் பக்கத்துத் தெரு அக்கா, மகளின் பேறுகாலத்துக்காக டல்லாஸ் கிளம்பினார். சென்னையிலிருந்து தோஹா, அங்கிருந்து டல்லாஸ். இரண்டாவது பயணம் மட்டும் ஏறக்குறைய 16 மணி நேரம். மாமாவுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வராது. திறந்து கிடந்த பெட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேல ஈரமே இல்லம்மா. சுத்தமா இல்ல."

இந்த ஒரு வாக்கியம் முழுக்கச் சரி. 35,000 அடி உயரத்தில் வெளியே குளிர் மைனஸ் 50 டிகிரி அளவில் இருக்கும். அந்தக் காற்றில் ஈரம் இல்லையென்றே சொல்லலாம். அதை இழுத்துச் சூடாக்கித்தான் கேபினுக்குள் விடுகிறார்கள். அதனால் நீண்ட பயணத்தில் உள்ளே ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்தில் நிற்கும். இருக்கிற அந்தக் கொஞ்ச ஈரமும் பெரும்பாலும் பயணிகள் விடும் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருவது. அக்கம்பக்கத்தார் முந்நூறு பேரின் மூச்சுதான் நம் முகத்துக்கு அங்கே கிடைக்கும் பன்னீர். நாம் அக்கினித் தலத்துக்காரர்கள், கத்திரி வெயிலையே பார்த்தவர்கள், இந்த ஏசி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டும், தெரியும். மேலே குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும்போதே தோலிலிருந்து நீர் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும், தெரியாது.

அப்படியென்றால் அவர்களே கொஞ்சம் ஈரம் சேர்க்கலாமே என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. தண்ணீரைச் சுமந்து பறப்பது பாரம். தவிர, ஈரக்காற்று விமானத்தின் குளிர்ந்த உலோக உடம்பில் பட்டு நீராகப் படியும், உலோகத்தை அரிக்கும். 2011-இல் ஓடத் தொடங்கிய போயிங் 787-இன் உடம்பு பெரும்பாலும் கார்பன் இழைக் கலவையால் ஆனது என்பதால் அதில் ஈரத்தைச் சற்றுக் கூடுதலாக விட முடிகிறது. மாமா இவ்வளவையும் மூன்றே சொல்லில் முடித்தார்: "துரு புடிச்சிடும் சார்."

காரணம் வரை மாமா பிசகுவதில்லை. வைத்தியத்தில்தான் வண்டி பள்ளத்தில் இறங்கும்.

மணிக்கு ஒரு தரம் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்றார். காய்ந்த காற்றில் அந்தத் தண்ணீர் ஆவியாகி முகத்தை முன்னிலும் இறுக்கும். இரண்டு மணிக்கு ஒரு தரம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு போகும். வாசனை டிஷ்யூவால் துடைக்கச் சொன்னார். அவற்றில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கி, மேகம் பார்த்துக்கொண்டே போகச் சொன்னார். அந்த உயரத்தில் வெயில் கடுமை; ஜன்னல் புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையைத் தடுத்தாலும், தோலைச் சுருங்க வைக்கும் இன்னொரு வகையில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். பகல் நேரமென்றால் மறைப்பை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். இதை எதிர்வீட்டு நர்ஸிங் மாணவி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நீ ஏறியிருக்கியா கண்ணு?" என்று மாமா கேட்டார். அதோடு மருத்துவம் தோற்றது.

பிறகு பெட்டிச் சோதனை. இட்லிப் பொடி, வற்றல், கருப்பட்டி, பேறுகால லேகியம். நடுவே ஒரு கொப்பரைப் பொட்டலம். நல்லவேளையாக அதை எடுத்து வெளியே வைத்தார் மாமா. எண்ணெய்ப் பசை நிறைந்த கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்கு என்பதால் பயணப் பெட்டியில் அதற்கு இடமில்லை. இந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு இரண்டாவது காபி கொடுத்தது நியாயம்தான்.

கடைசியாக, கால்வாசி எண்ணெய் மட்டும் இருந்த 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தன் கையாலேயே அக்காவின் கைப்பையில் வைத்தார். "நூறு மில்லிக்கு மேல கூடாது. இதுல அம்பதுதான் கீது. ஒண்ணியும் சொல்ல மாட்டான்."

சொன்னான். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்ட பிறகு உலகமெங்கும் வந்த அந்த விதி, பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்க்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்காது. லேகியமும் வாஸ்லைனும்கூட அந்தக் கணக்கில்தான் வரும். செஞ்சிக் கோட்டையைத் தாண்டி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக ஒரு வேன் நிறைய ஆட்களோடு மீனம்பாக்கம் வரை போய் வழியனுப்பிய மாமாவுக்கு இது தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார். உள்ளே எண்ணெய் குப்பைத் தொட்டிக்குப் போனது. ஆனாலும் அக்காவின் முகம் உரியாமல்தான் டல்லாஸ் போய்ச் சேர்ந்தது. வேனில் ஏறும்போதே மாமாவின் மனைவி, எங்கள் தெருவுக்கே அத்தை, ஒரு சின்ன டப்பாவை அக்காவின் இடுப்புச் சுருக்குப் பைக்குள் திணித்திருந்தார்.

அத்தையும் மாமாவோடு அதே விமானத்தில், பக்கத்துச் சீட்டில், அமெரிக்கா போய் வந்தவர்தான். இதை ஊரில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மாமா அன்று பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கொண்டு போயிருந்தார். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும் என்பது மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார், அக்குளில் வைத்துப் பார்த்தார், முன் சீட்டில் மெல்ல மொத்தினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டார். அத்தையிடம் இருந்தது கழுவிக் காயவைத்த பழைய அமிர்தாஞ்சன் டப்பா. எண்ணெய் அதில் உறைந்தால் என்ன, விரலால் வழித்தால் வருகிறது. முகத்தை வெறும் தண்ணீரில் அலம்பி, ஈரம் காய்வதற்குள் மெல்லிசாகத் தடவிக்கொண்டு, உதட்டிலும் முழங்கையிலும் கொஞ்சம் தேய்த்து, முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிவிட்டார். மார்கழிப் பனியில் கன்னம் வெடித்தால் அவருடைய அம்மா செய்ததும் அதுதான். தோல் மருத்துவர்கள் சொல்வதும் ஏறத்தாழ அதுவே: ஈரம் இருக்கும்போதே மேலே ஒரு பூச்சுப் போட்டு அது வெளியேறாமல் அடைக்க வேண்டும். எண்ணெய் பூசினால் பரு வரும் முகம் என்றால் ஒரு சாதா மாய்ஸ்சரைசர் போதும்.

அதே வேலையை வாஸ்லைனும் செய்யும். 1872-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய ராபர்ட் செஸ்பரோ, தினம் ஒரு ஸ்பூன் வாஸ்லைன் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டவர். 96 வயது வரை இருந்தார். இந்தத் தகவல் இன்னும் மாமாவின் காதுக்குப் போகவில்லை. தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அக்கா டல்லாஸிலிருந்து வீடியோ காலில் வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. "பாத்தியா, நான் சொன்னத அப்படியே செஞ்சிக்கிது" என்றார் மாமா. அத்தை உள்ளே முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நீங்களும் நெடும்பயணம் போவதாக இருந்து, யோசனை கேட்கக் கீழ்பென்னாத்தூர் வந்தால், அத்தையிடம் கேளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். அந்த நேரத்தில் மாமா டீக்கடையில் வேறு யாருக்காவது யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.