தூக்குக்கலையும் இறக்குக்கலையும்: பின்பக்க புஷ் குறித்து ஒரு பூர்வாங்க ஆய்வு

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மாருதி 800-இன் பின்பக்கம் எழுப்பும் 'டொக்' ஒலியே இவ்வாய்வின் பொருள். டிக்கியில் ஜாக்கி உருளும் 'கடகட' தனி இயல். அது இங்கே கொள்ளப்படவில்லை.

1983-இல் வந்த முதல் 800-க்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். 1986-இல் உருமாறி வந்த 800-இல் காயில் ஸ்பிரிங் வந்தது. பின் அச்சைப் பிடித்து நிறுத்த டிரெயிலிங் ஆர்ம் வந்தது. ஆர்ம் பாடியோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ் வந்தது. கூடவே சர்ச்சையும் வந்தது.

புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஒன்று, நடுவே இரண்டையும் விடாமல் பற்றிய ரப்பர். வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம்தான். குரங்குக்குட்டியேதான் தாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் பாடியோடு ஒன்றிவிடும். அப்புறம் சக்கரம் ஏறி இறங்கினால் எதுவும் வழுக்கிச் சுழலாது. ரப்பர்தான் முறுகி மீளும். எந்த நிலையில் போல்ட் இறுகியதோ, அதுவே ரப்பருக்கு ஓய்வுநிலை.

இங்கேதான் கலைகள் பிரிகின்றன. தூக்குக்கலையார் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்கத் தொங்கவே போல்ட்டை இறுக்குவர். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகும். ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும். சீக்கிரமே கிழியும். 'டொக்' மறுபிறவி எடுக்கும். இறக்குக்கலையாரோ பாரம் சக்கரத்தில் அமர்ந்த பிறகே கடைசி முறுக்குப் போடுவர். சரி இவர்கள் பக்கமே. இதில் நடுநிலை வகிப்பது ஆய்வாளனுக்கு அழகல்ல.

பின் ஏன் தூக்குக்கலை அழியவில்லை? தரையில் நிற்கும் 800-க்கு அடியில் ஸ்பேனரோடு நுழைய மெக்கானிக்குக்குத் தொந்தி இருக்கக்கூடாது. பள்ளம் வெட்டாத பட்டறையில் சித்தாந்தத்தை வயிறே தீர்மானிக்கிறது. சமரசமும் உண்டு: ஸ்டாண்டை பாடிக்குக் கொடுக்காமல் பின் அச்சுக்கே கொடுத்தால் வண்டி உயரத்திலும் நிற்கும், பாரமும் ஸ்பிரிங்கிலேயே இருக்கும்.

புஷ்ஷை ஏற்றும் சடங்கில் இவ்வளவு தகராறு இல்லை. ஆர்மின் ஒருபுறம் புது புஷ், மறுபுறம் பழைய புஷ் வந்து விழும் அளவுக்கு வாயகன்ற சாக்கெட். மூன்றையும் வைஸில் இடுக்கித் திருகத் திருகப் பழையது துருவை உதிர்த்துக்கொண்டு முனகியபடி வெளியேறும். வழுக்கலுக்கு கிரீஸ் பூசுவது மட்டும் கண்டிக்கத்தக்கது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஆனால் கடைசி முறுக்கின்போது பாரம் என்றால் வெறும் வண்டியின் பாரமா, ஆளேறிய வண்டியின் பாரமா என்பதில் இறக்குக்கலைக்குள்ளேயே உட்பூசல் உண்டு. பின்சீட்டில் அரிசி மூட்டை ஏற்றிவிட்டு முறுக்கலாம் என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. பொன்னியா, இட்லி அரிசியா என்பது உரிமையாளர் விருப்பம்.