மோர்ப் பந்தலைத் தாண்டுவது எப்படி?

புதுக்கோட்டையிலிருந்து சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வெயில் ஒரு தொல்லையே இல்லை. வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றியே தீருவது என்று சாலையோரம் காத்திருக்கிறார்களே, அவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும்பாடு.

சித்திரைத் தேர் என்றால் ஏப்ரல் நடுவில் வரும். அக்னி நட்சத்திரத்துக்கு நாள் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து வெயில் பஞ்சாங்கம் பார்த்து அடிப்பதில்லை. காற்றில் 40 டிகிரி என்றால் உச்சிப்பொழுதில் தார்ச்சாலை 60ஐத் தொட்டுவிடும். அதன்மேல் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நடை. எங்கள் கூட்டத்துக்குத் தலைவி பெரியத்தை. எழுபதைத் தாண்டியவர். “கால் சுடுது அத்தை” என்றால், “சித்திரையில சுடாம மார்கழியிலயா சுடும்? வெள்ளக்கோட்டுல நட” என்பார்.

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கறுப்புத் தார் வெயிலை விழுங்கி வைத்துக்கொள்ளும். சாலையோர வெள்ளைப் பெயின்ட் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பாதத்தை வைத்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும். ஆகவே அத்தனை பெரிய சாலை சும்மா கிடக்க, நாலைந்து அங்குலக் கோட்டின்மேல் ஊரே ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருக்கும். எதிரே மாடு வந்தால்தான் சிக்கல். அதற்கும் அந்தக் கோட்டின் அருமை தெரிந்திருக்கிறது.

பெரியத்தையின் கணக்குப்படி விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் புளியமரத்தடியில் ஒதுங்க வேண்டும். மறுபடி நாலு மணிக்கு மேல்தான் நடை. நல்ல கணக்கு. கீரனூர் தாண்டியதும் பந்தல்கள் அதைக் கலைத்துவிடும்.

முதல் பந்தலில் நீர்மோர். இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை, தாராளமாக உப்பு. குறை சொல்ல முடியாது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். மோர் இரண்டையும் ஈடுகட்டும். இரண்டாவது பந்தலில் வெல்லமும் சுக்கும் போட்ட பானகம். அதுவும் சரி. அப்புறம் தர்பூசணி, மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரிப்பிஞ்சு, கம்பங்கூழ், ரஸ்னா. அதற்கடுத்து, உச்சிவெயிலில், ஆவி பறக்கும் புளியோதரை. “போதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “எங்கம்மா நெனப்பா குடுக்கறோங்க, ஒரு வாய்” என்றார் தொன்னையை நீட்டியவர். செத்துப்போன அம்மாவை முன்னே நிறுத்திய பிறகு என்ன செய்வது?

குடித்ததெல்லாம் எங்கே போவது என்று எந்தப் பந்தல்காரரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆண்களுக்கு வேலிக்காத்தான் புதர் உண்டு. கூட வரும் பெண்கள் ஒவ்வொரு டம்ளரையும் அடுத்த பெட்ரோல் பங்க்கின் தூரத்தோடு கூட்டிக் கழித்துத்தான் வாயில் வைக்கிறார்கள். பாதிப்பேர் குடிப்பதே இல்லை. பத்துப் பந்தலுக்கு ஒருவராவது மோருக்குப் பதில் கழிப்பறை கட்டிக்கொடுத்தால் பெரிய புண்ணியம். ஆனால் அதில் அம்மா பேரை எழுத முடியாது.

மாத்தூர்ப் பக்கம் வேறு வகை உபசாரம். பத்து வயசுப் பையன் கையில் பம்ப்செட் ஹோஸ்; வருகிறவர்களை எல்லாம் உச்சந்தலையில் அடிக்கிறான். “செல்லு! செல்லு!” என்று சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு கத்தினேன். “பயப்படாதீங்கண்ணே, நல்ல தண்ணிதான்” என்று அதே இடத்தைக் குறிபார்த்தான். ஈரவேட்டி காய்வதற்குள் உடம்பு ஜில்லென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் ஊறிப்போன பாதம் சூட்டில் பட்டால் கொப்புளம் சீக்கிரம் வரும். தலைக்குக் கிடைத்த சுகத்துக்குக் கால் வட்டி கட்டும்.

சமயபுரத்து அம்மன் பக்தர்களுக்காக மாசி, பங்குனியில் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் போன்றவைதான் நைவேத்தியம். அவள் விரதமிருந்த அதே பானகத்தையும் மோரையும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்கிறோம்.

திருச்சிக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் காவிரியில் கால் நனைக்கிற ஆசை வரும். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மணல்தான். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதுவரை கொப்புளம் காத்திருக்காது. கொள்ளிடத்தில் இன்னும் அகலமான மணல்.

இவ்வளவுக்கும் நடுவில் பெரியத்தை மட்டும் தொந்தி தள்ளாமல், ஒதுங்க இடம் தேடாமல் எப்படி நடக்கிறார் என்று கவனித்தேன். கீரனூர் தாண்டி வாங்கிய மோர் டம்ளர் பாதி நிறைந்தபடி இன்னும் கையிலேயே இருந்தது. “கையில டம்ளர் இருந்தா எவனும் இன்னொண்ணத் திணிக்க மாட்டான்டா” என்று கிசுகிசுத்தார். தாகத்துக்கு முந்தானை மறைவில் தண்ணீர் பாட்டில்.

நம்பர் ஒன் டோல்கேட் வரை அந்த வித்தை பலித்தது. அங்கே ஒரு இளைஞன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். “என்ன ஆயா, மோரு வெந்துபோய்க் கெடக்கு” என்று வாங்கிச் சாலையோரம் கொட்டினான். டம்ளரைக் கழுவி, ஐஸ் மிதக்கும் ரோஸ் மில்க்கை விளிம்புவரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் கைகட்டி எதிரிலேயே நின்றான்.