அப்பளம் பொரித்ததா, சுட்டதா?

கேள்வி: வரலாற்று ஆவணப்படங்களைக் கிண்டலடிக்கும் 'கங்க் ஆன் எர்த்' தொடர் பார்த்தேன். அதில் பேட்டி எடுக்கும் அந்தம்மா எங்கள் ஊருக்கு வந்தால் என்ன கேட்பார்?
– ஒரு வாசகி, இரும்பை

பதில்: 2022இல் பிபிசியில் வந்த அந்தத் தொடரின் உயிரே எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான். கேட்பது நடிகை டயான் மார்கன். பதில் சொல்பவர் அசல் பேராசிரியர். அசட்டுக் கேள்விக்கு அவர் பொறுமையாகச் சொல்லும் பதிலில் நிஜ வரலாறு நமக்குக் கிடைத்துவிடுகிறது. நம் இயக்குநர் சிம்புதேவனும் லேசுப்பட்டவர் அல்ல. 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யில், கட்டுமஸ்தான உடம்பு ஒன்றில் வடிவேலுவின் முகம் ஏறும் ஓவியக் காட்சி போதும். அதன்பிறகு எந்த ராஜா படத்தையும் நாம் அப்படியே நம்புவதில்லை. சினிமாவை 'லொள்ளு சபா' பிரித்து மேய்ந்ததுபோல வரலாற்றுக்கும் தமிழில் ஒரு தொடர் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

உங்கள் ஊரில் அந்தம்மா நேரே மாகாளேசுவரர் கோயிலுக்குத்தான் போவார். கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைக்க நடனமாது அவர் கையில் அப்பளம் வைத்தாள் என்றதும், "பொரித்ததா, சுட்டதா?" என்பார். அதுவரை சரி. பிறகு ஊரார் சித்தரைப் பார்த்துச் சிரித்ததால்தான் லிங்கமே வெடித்தது என்பது ஐதீகம். படப்பிடிப்புக் குழுவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்!